ஒரே வரியில் இரண்டு பேர்

கல்யாணப் பத்திரிகையை யாரும் படிப்பதில்லை என்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கம் ஒரு கல்யாணத்துக்கும் வந்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை பெயரை வேண்டுமானால் படிக்காமல் விடுவார்கள். தன் பெயர் எந்த வரியில் வந்திருக்கிறது, தனக்கு மேலே யாரைப் போட்டிருக்கிறார்கள், தம்பிக்குப் பட்டம் போட்டுவிட்டுத் தனக்குப் போடாமல் விட்டிருக்கிறார்களா என்பதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார்கள். சித்தப்பா பெயர் விட்டுப்போனதற்காகப் பந்தியில் உட்கார்ந்த இலையை மூடிவிட்டு எழுந்து போன குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் அடித்து வந்த பத்திரிகையை அடித்த வீட்டுக்காரர்கள் படிப்பதில்லை. அவர்கள் ப்ரூஃபிலேயே படித்து, சண்டை போட்டு, ஓய்ந்துபோயிருப்பார்கள். இது தெரிந்தால்தான் பிறகு நான் சொல்லப்போவது புரியும்.

திருத்தங்கலில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டிசைன் செக்ஷனில் இருக்கிறேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், காலண்டர், நோட்டு அட்டை என்று எல்லாம் அங்கே ஓடும். பத்திரிகை மட்டும் என் பொறுப்பு. வருகிற பார்ட்டிகளில் முக்கால்வாசி பழைய பார்ட்டிகள். மூத்தவளுக்கு அடித்த பத்திரிகையைத் திறந்து, பெண் பெயரையும் சம்பந்தி ஊரையும் மாற்றி இளையவளுக்கு அடித்துக்கொண்டு போவார்கள். அதனால் ஒருமுறை அடித்த எதையும் நாங்கள் அழிப்பதே இல்லை. ஊருக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் குடும்பத்துக்கு ஒன்று, அதற்குள் சடங்கு, கல்யாணம், காதுகுத்து, கருமாதி. ஃபைல்களின் பெயரைப் பார்த்தால் சிரிப்பு வரும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் இதுதான்’, ‘ஃபைனல் மாமா கோபம்’. வெளியாள் யாராவது திறந்தால் தலை சுற்றி விழுவார். எனக்கு மட்டும் அது என் சட்டைப் பை மாதிரி.

அதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் ஊர்களில் மூத்த பையனுக்கு ஊர்ச்சாமி பெயரைத்தான் வைப்பார்கள். தாயில்பட்டியில் நடுத்தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். அப்பா பெயரின் முதலெழுத்தும் ஒன்றாக அமைந்துவிடும். அப்படி ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே ஊர் என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சிவகாசியில் அச்சு மெஷின் ஓட்டியவர், அதனால் ஊருக்கு அவர் மெஷின்காரர். இன்னொருவர் பட்டாசுக் கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றியவர், அவர் லோடுகாரர். பத்திரிகையில் இப்படியெல்லாம் அச்சடிக்க முடியாது அல்லவா, அதனால் ஃபோல்டர் பெயரில் மட்டும் ‘மெஷின்’ என்றும் ‘லோடு’ என்றும் பக்கத்தில் போட்டு வைத்திருந்தேன்.

மெஷின்காரர் என் அத்தான். என் அக்காவைக் கட்டியவர். வாய் நிறைய வெற்றிலையும் வார்த்தைக்கு ஒரு நக்கலுமாக இருந்த மனிதர், இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய், வாரத்தில் பாதி நாள் விருதுநகர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் படுக்கையில் கிடந்தார். ஒரே மகள். அவளுக்கு அவசரமாக மாப்பிள்ளை பார்த்ததே அவருக்காகத்தான். “தாரை வாக்குற கை என் கையா இருக்கணும், அம்புட்டுத்தேன். அதுக்கப்பறம் மெஷின் நின்னாலும் சரி” என்று பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன கையை மறுபடியும் நீட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

அச்சகத்தில் அப்போதுதான் டிஸ்க் நிரம்பியது. எங்கள் முதலாளி விருதுநகரில் தலைமுறையாக வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்த அவர் மகள்தான் ஆபீஸைப் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என் ஃபோல்டர்களைத் திறந்து பார்த்தாள். பொறுமையான பெண். சிரிக்கவில்லை.

“அண்ணே, ஒரே பிள்ளையார் படம் நூத்துக்கணக்குல கெடக்கு. ஒவ்வொரு பத்திரிகையோடயும் ஒண்ணு. இதுல நீங்க இல்லாத அன்னைக்கு ஒரு பார்ட்டி வந்தா யாரு எடுத்துக் குடுப்பாங்க?”

காய்ச்சலில் படுத்திருந்தபோதெல்லாம் ஆபீஸிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். அவள் கேட்டது நியாயம்தான் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் வந்தார். ஃபைல்களை அப்படியே ஃபோல்டரில் விட்டுவிட்டு அது இருக்கும் இடத்தை மட்டும் டேட்டாபேஸில் எழுதி வைக்கலாம், அல்லது ஃபைலையே தூக்கி டேட்டாபேஸுக்குள் போட்டுவிடலாம், இரண்டுக்கும் நல்லதும் கெட்டதும் உண்டு என்று போர்டில் படம் போட்டு விளக்கினார். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எதுல இடம் கம்மியாப் பிடிக்கும்?” என்றார். “ஃபைலே வைக்காம இருந்தாத்தான் சார் கம்மியாப் பிடிக்கும்” என்று கம்பெனிக்காரர் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதைத்தான் செய்தார்கள்.

அதாவது, பத்திரிகை என்று முழுசாக ஒன்று எங்கும் இருக்காது. ஆட்கள் ஒரு பட்டியலில் ஆளுக்கு ஒரு வரியாக இருப்பார்கள். படங்கள் ஓரிடத்தில், வாசகங்கள் ஓரிடத்தில். எந்தப் பத்திரிகையில் யார் யார் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். திறக்கும்போது அங்கங்கே இருந்து எடுத்து அந்த நிமிஷத்தில் கட்டிக் காட்டும். சமைத்த சோற்றைப் பானையில் வைக்காமல் அரிசியையும் பருப்பையும் வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் பொங்கிப் போடுவது போல. ஒரு பெரியவர் இறந்துவிட்டால் அவர் வரியில் ஒரு டிக் போட்டால் போதும். அவர் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் ‘அமரர்’ என்று தானாக வந்துவிடும். இறந்தவருக்கு அமரர் போட மறந்து வாங்கிக் கட்டிக்கொள்வது எங்கள் தொழிலில் தினப்படி நடப்பதால், இதைக் கேட்டதும் செக்ஷனில் இருந்த எல்லோரும் கையைத் தட்டினோம்.

பழைய ஃபைல்களை எல்லாம் அந்தச் சாஃப்ட்வேர் தானே தின்று தானே பிரித்துப் போட்டது. பெயரும் இனிஷியலும் ஊரும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டு ஒரே வரியாகச் சேர்த்துக்கொண்டது. ஃபோல்டர் பெயரில் இருந்த ‘மெஷின்’, ‘லோடு’ போன்ற சொற்களை எல்லாம் குப்பை என்று கழித்துவிட்டது. ஒரு ஆளுக்கு இரண்டு மனைவி, இரண்டு வீடு என்று வந்தபோதும் அது தயங்கவில்லை. எங்கள் பக்கம் அப்படியும் இருக்கும் என்று யாரோ அதற்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். பிறகு அந்தப் பழைய டிஸ்க்கைத் துடைத்து லேபிள் செக்ஷனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நன்றாகத்தான் ஓடியது. பொய் சொல்லக் கூடாது, எனக்கே பிடித்துப்போயிற்று. ஒரு பெயரைத் தட்டினால் அந்தக் குடும்பம் மொத்தமும் வரிசையில் வந்து நின்றது.

அக்கா மகள் கல்யாணம் ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு முடிவானது. தாய்மாமன் நான் இருக்கும்போது பத்திரிகை வேறு எங்கே அடிப்பது? சிவப்பு அட்டை, தங்க எழுத்து. ப்ரூஃபை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துப் படித்தார். ஆயுள் முழுக்க மெஷினில் நின்றவர் அப்படித்தான் படிப்பார். தன் பெயரில் விரல் வந்ததும் கொஞ்சம் நின்றது.

“நல்லாருக்குலே மாப்ள. எழுத்து எடுப்பா இருக்கு” என்று சொல்லிவிட்டு ஓரத்தில் ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீங்கிய கை என்பதால் கையெழுத்து கோணலாக விழுந்தது. அதையும் அவரே கிண்டல் செய்தார்.

உடனே அடிக்க முடியவில்லை. தீபாவளி சீசன், லேபிள் வேலை மெஷினை விடவில்லை. அந்த இடைவெளியில்தான் லோடுகாரர் இறந்துபோனார். கம்பெனி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நானும் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். சில நாள் கழித்து அவர் மகன் கருமாதிப் பத்திரிகைக்கு ஆர்டர் கொடுக்க வந்தான். முன்னால் கவுண்டரில் இருக்கும் பெண் பெயரைத் தட்டினாள், வரி வந்தது, டிக் போட்டாள். அவள் செய்ய வேண்டியதைத்தான் செய்தாள். அதற்கு அடுத்த நாள் காலையில் என் அக்கா மகள் பத்திரிகையை மெஷினில் ஏற்ற அதற்குப் பிளேட், அதாவது அச்சுத்தகடு, போட்டார்கள். பிளேட்டுக்குப் போகும்போது அந்தச் சாஃப்ட்வேர் பத்திரிகையைப் புதிதாக ஒருமுறை கட்டிக் கொடுத்தது.

பத்திரிகைக் கட்டுகள் ஆட்டோவில் தாயில்பட்டிக்குப் போய் இறங்கின. அக்காவும் நாத்தனார்களும் சுற்றி உட்கார்ந்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார்கள். சாமிக்கு ஒன்று வைத்துவிட்டு, கையோடு கொடுக்க ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். எம். புதுப்பட்டிக்கு ஒரு கட்டு, சம்பந்தி வீட்டுக்கு ஒரு கட்டு. மகள் அதைப் போட்டோ எடுத்துத் தன் சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பினாள். அத்தனை பேர் கையில் தொட்டார்கள், ஒருவரும் படிக்கவில்லை. ப்ரூஃபில்தான் படித்தாயிற்றே.

முதலில் வந்தது எம். புதுப்பட்டியிலிருந்து அத்தானின் ஒன்றுவிட்ட அக்கா. வேன் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். தெருமுனையிலேயே அழுதுகொண்டு இறங்கி, மாலையும் கையுமாக வாசலுக்கு வந்தவர்கள், நாற்காலியில் உட்கார்ந்து தினத்தாள் படித்துக்கொண்டிருந்த அத்தானைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

“வாங்க, வாங்க. துட்டி கேக்கவா வந்தீக?” என்றார் அத்தான்.

அந்த அக்கா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு பத்திரிகையை நீட்டினார். ‘தாயில்பட்டி அமரர் திரு.’ என்று தங்க எழுத்தில் தொடங்கி அத்தான் பெயர் இருந்தது. ஊரில் அதே பெயர்க்காரர் இறந்துவிட்டார் என்று ஏற்கெனவே அவர்கள் காதுக்குச் சேதி போயிருந்தது. இரண்டும் சேர்ந்து பொருந்திப்போயிற்று. “தம்பி செத்ததுக்கு ஒரு வார்த்த சொல்லி விடாம, கலியாணப் பத்திரிக்கய நீட்டிட்டுப் போறாகளேன்னு வயிறெரிஞ்சு வந்தேன்டா” என்று அந்த அக்கா கோபத்தில் அழுதாரா, சந்தோஷத்தில் அழுதாரா தெரியவில்லை. அத்தான் வேனில் வந்தவர்கள் எல்லோருக்கும் காப்பி போடச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். போனும் நிற்கவில்லை. “நான்தேன் பேசுறேன், சொல்லுங்க” என்று அத்தானே எடுத்துப் பேசுவார், மறுமுனையில் சத்தம் இருக்காது. முதல் இரண்டு நாள் அவர் இதை அனுபவித்தார் என்றே சொல்ல வேண்டும். யார் யார் எம்புட்டு அழுதார்கள் என்று கணக்கு வைத்துச் சிரித்தார். கொண்டுவந்த மாலைகளை என்ன செய்வது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோகவும் முடியாது, வாசலில் போடவும் முடியாது. தெருக் கோடியில் கொண்டுபோய் வீசிவிட்டு வந்து, தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். அத்தான் அதை நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

நான் முதல் வேன் வந்த அன்றே அச்சகத்துக்கு ஓடினேன். கம்ப்யூட்டரில் பார்த்த பிறகுதான் இரண்டு பேரும் ஒரே வரியில் இருப்பது எனக்குத் தெரிந்தது. முதலாளி மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்ததும் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

“அத்தாகிட்டச் சொல்றேன். இப்போதைக்கு டிக்க எடுத்துட்டுப் புதுசா அடிச்சிருங்கண்ணே” என்றாள். அப்பாவை அவள் அத்தா என்றுதான் சொல்வாள்.

டிக்கை எடுத்தேன். அத்தான் உயிரோடு வந்தார். கையில் இருந்த அட்டைக்கு மட்டும் புதுப் பத்திரிகை அடித்து, சம்பந்தி வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்து, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். ஏற்கெனவே போன பத்திரிகைகளையும் போனுக்குப் போன படங்களையும் எங்கே போய்ப் பிடிப்பது? அது எங்கெங்கோ போய்விட்டது.

அச்சகத்துக்குத் திரும்பி வந்தால் லோடுகாரர் மனைவி கவுண்டரில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கட்டுக் கருமாதிப் பத்திரிகை. நான் டிக்கை எடுத்த மதியத்தில் அதுவும் பிளேட்டுக்குப் போயிருக்கிறது. அமரர் போய்விட்டது. வீட்டுத் தலைவர் உயிரோடு இருந்தால் அவர் பெயரை அழைப்பவர்கள் வரிசையில் முதலில் போட வேண்டும் என்று அந்தச் சாஃப்ட்வேருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே லோடுகாரர் தன்னுடைய கருமாதிக்குத் தானே அன்புடன் அழைத்துக்கொண்டிருந்தார்.

செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்றுதான் அவர் எதிரில் போய் நின்றேன். அந்த அம்மா திட்டவில்லை.

“இது தப்பாத்தான தம்பி அடிச்சிருக்கீக?”

“ஆமாக்கா. வேற அடிச்சுத் தந்துர்றேன். மன்னிச்சிருங்க.”

“அடிச்சுக் குடுங்க. ஊருக்குக் குடுக்க அதுதேன் சரி.” கட்டிலிருந்து இரண்டை உருவி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். “இது ரெண்டும் எங்கிட்ட இருக்கட்டும். வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அவுகளே வாசல்ல நின்னு கூப்புடுற மாரி இருக்கு.”

மறுபடி டிக்கைப் போட்டேன். அவருக்குச் சரியான பத்திரிகை வந்தது. அத்தான் மறுபடி அமரர் ஆனார்.

மதுரைக் கம்பெனிக்கு முதலாளி மகள் எழுதினாள், போன் செய்தாள், கடைசியில் சத்தமும் போட்டாள். சேர்ந்த வரியைப் பிரிப்பதற்கு அதில் வழி இல்லையாம். எந்தப் பத்திரிகை யாருடையது என்று பிரித்துச் சொல்லப் பழைய ஃபோல்டர்கள் வேண்டும், அந்த டிஸ்க்கில் இப்போது மத்தாப்புப் பெட்டி லேபிள்கள் இருந்தன. புதிதாக ஒரு வரி போட்டாலும் பெயரும் ஊரும் ஒன்றாக இருப்பதால் அடுத்த நாள் தானே கொண்டுபோய்ப் பழையதோடு ஒட்டிக்கொண்டது. கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. இருவரில் அசல் யார், நகல் யார் என்று தெரிவித்தால் நகலை நீக்கித் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு வெளியே போய் பைப்பில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்த வார முடிவில் அத்தான் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் போனபோது ப்ரூஃபையும் அடித்த பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, நான் கையெழுத்துப் போட்டதுல இது இல்ல.”

“இல்ல அத்தான். அதுல சரியாத்தேன் இருந்துச்சு.”

“எம்புட்டு வருசம் மெஷின் ஓட்டிருக்கேன். ஓகே போட்ட ப்ரூஃபுக்கு அப்பறம் ஒரு புள்ளி மாறிப் பாத்தது கெடயாது. ஒரு புள்ளிலே. கையெழுத்துக்கு அப்பறம் மாறுச்சுன்னா, அது மனுசன் மாத்துனது இல்ல.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பக்கத்தில் உட்கார்ந்து டேட்டாபேஸ் என்றால் என்ன, ஃபோல்டர் என்றால் என்ன, பிளேட்டுக்குப் போகும்போது எப்படிப் புதிதாகக் கட்டுகிறது என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப அதுக்குள்ள நானும் அவரும் ஒரே ஆளு.”

“ஆமா அத்தான்.”

“அவரு செத்துட்டாரு.”

“ஆமா.”

“அப்ப இங்கன உக்காந்துருக்கது ஆரு?”

அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். “நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரல. ஆட்டோவ வேணாம்னு சொல்லிரு. அச்சுல வந்துருச்சு, பெறவு எதுக்குப் போட்டுக் குத்திக்கிட்டு.”

நாங்கள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அக்கா அழுதாள், திட்டினாள், சாப்பிடாமல் கிடந்தாள். அச்சுப் பிழை என்றால் அவருக்குப் புரியும், எத்தனையோ பார்த்தவர். இது பிழை இல்லை என்பதுதான் அவர் வாதம். எழுத்து சரி, பெயர் சரி, ஊர் சரி. யாரும் தப்புச் செய்யவில்லை என்று நானே அவரிடம் சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், கவுண்டர் பெண்ணின் மேல் பழியைப் போட்டிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். ஒருவரைப் பிடித்து ஏசுவதற்காவது அவர் எழுந்திருப்பார்.

கடைசியில் மகள்தான் அசைத்தாள். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் மணமேடைக்கு நான் வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். போனார். ஆனால் விட்ட நாட்களில் நுரையீரலில் தண்ணீர் கோர்த்திருந்தது. படுக்கையில் சேர்த்த டாக்டர்களால் அவரை எழுப்பிக் கல்யாணத்துக்கு அனுப்ப முடியவில்லை. முகூர்த்தத்தை மாற்றக் கூடாது என்று மட்டும் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்தன்று தாரை வார்த்தது அவர் தம்பி. நான் மேடைக்குக் கீழே நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் அந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்தான். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றும் நேரத்தில் அத்தான் படுத்தபடியே வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைச் சாய்த்துப் பிடித்தது மட்டும் தெரிந்தது. அந்தக் கையில் ஒன்றும் இல்லை. படம் நின்று நின்று வந்தது. நான் போனை மேலும் உயர்த்திப் பிடித்தேன், அதனால் என்ன ஆகும் என்று தெரியாமலேயே.

ஐப்பசி பிறப்பதற்குள் போய்விட்டார். அவருக்குக் கருமாதிப் பத்திரிகை எங்கள் அச்சகத்திலேயே அடித்தோம். டேட்டாபேஸில் யாரும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. லோடுகாரருக்குப் போட்ட டிக் அப்படியே இருந்தது. எல்லாம் சரியாக வந்தது. மீதிக் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை, முதலில் அடித்தது பிறகு அடித்தது என்று பார்க்காமல், அக்கா வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள்.

அடுத்த வருடம் ஆவணி பிறந்த பிறகு கோயம்புத்தூரிலிருந்து மகள் போன் செய்தாள். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, விசாவுக்காகக் கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும், பத்திரிகை ஒன்று கேட்கிறார்கள்.

“அம்மா எல்லாத்தயும் எரிச்சிருச்சு மாமா. ஒண்ணே ஒண்ணு அடிச்சு அனுப்புங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். “அப்பா இருக்குற பத்திரிக்கை, மாமா.”

மறுநாள் வேலைக்குப் போனதும் திறந்தேன். சிவப்பும் தங்கமுமாகக் கட்டிக் காட்டியது. அமரர் என்று இருந்தது. அவள் கல்யாணத்தன்று ஆஸ்பத்திரியில் கையைத் தூக்கியவர் அந்தப் பத்திரிகையில் எங்குமே இல்லை. எப்போது திறந்தாலும் இனி இப்படித்தான் வரும்.

டிக்கை எடுத்தேன். ‘தாயில்பட்டி திரு.’ என்று அத்தான் பெயர் வந்தது. சின்ன மெஷினில் ஒன்று அடித்து உறைக்குள் போட்டேன். இன்னொன்றை ஃபைலாக என் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகும் அந்தத் திரையை மூடவில்லை. பட்டியலில் அவர் வரி சாதாரணமாக, மற்ற வரிகளைப் போல இருந்தது. மூச்சிரைப்பு இல்லை, வீங்கிய கை இல்லை. இப்படியே விட்டுவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

கவுண்டர் பெண் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் விஷயம் தெரியும், அதனால் மெதுவாகத்தான் கேட்டாள்.

“அண்ணே, லோடுகாரர் வீட்டு வருச நினைவு போஸ்டர் பிளேட்டுக்கு நிக்குது. அந்த டிக்க மட்டும் போட்டு விட்டுருங்கண்ணே.”

சரி என்றேன். என் கையாலேயே போட்டேன்.